அல்சூரில் நிற்கும் பெலே

இந்திராநகர் நூறடிச் சாலையில் சனிக்கிழமை மாலை நடப்பது எளிதல்ல. மேடை நகைச்சுவை, நேரடி இசை, சொந்தமாக பீர் காய்ச்சும் பப்கள் என்று பெங்களூரின் இளைஞர் கூட்டம் அந்த ஒரு சாலையில் வந்து குவிகிறது. அங்கிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம் தள்ளி அல்சூர். அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்துக்குள் நுழைந்ததும் தெருப்பேச்சு தமிழாகிவிடும். அங்கே ஒரு சிறு மண்டபம். அதில் புத்தர் இருக்கிறார், அம்பேத்கர் இருக்கிறார், அன்னை தெரசா இருக்கிறார். நான்காவதாக நிற்பவர் பெலே.

பிரேசில் நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் இந்த மூவரோடு எப்படிச் சேர்ந்தார் என்ற கேள்விதான் என்னை அந்தத் தெருக்களுக்குள் இழுத்தது. எல்லோரும் சொல்லும் பதில் எளியது: இது கால்பந்துப் பைத்தியம் பிடித்த ஏரியா. உலகக் கோப்பை வந்தால் கொடிகள் ஏறும், சுவர்கள் மஞ்சளும் பச்சையுமாகும், தெருவிலேயே பெரிய திரை கட்டி நள்ளிரவு ஆட்டங்களைப் பார்ப்பார்கள். ‘குட்டி பிரேசில்’ என்று பத்திரிகைகள் படம் போடும். 2022 டிசம்பர் 29 அன்று பெலே மறைந்தபோது இங்கேயும் துக்கம் அனுசரித்தார்கள். எல்லாம் சரி, ஆனால் இந்தப் பைத்தியம் எப்போது, எப்படி இங்கே வந்தது?

அல்சூரில் சிலை வைப்பது சின்ன விஷயமே அல்ல. ஏரிப் பக்கம் இருக்கும் திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா முதல்வராக இருந்தபோதுதான் கருணாநிதி வந்து திறந்துவைத்தார். அதற்கு ஈடாக, நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட பகுதியில் புத்தரோடும் அம்பேத்கரோடும் ஒருவரை நிறுத்துகிறார்கள் என்றால், அதை வெறும் ரசிகர் வேலை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

விடை தேடிப் போனால் வழி பட்டாளத்துக்குத்தான் போகிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயப் படை அங்கிருந்து நகர்ந்து, 1809 வாக்கில் அல்சூரைச் சுற்றிக் கண்டோன்மென்ட் அமைத்தது. உள்ளூர்க்காரர்கள் அதைத் ‘தண்டு’ என்றார்கள். படையின் பின்னாலேயே தமிழர்கள் வந்தார்கள்: சமையலுக்கு, குதிரை லாயத்துக்கு, கட்டட வேலைக்கு, துணி வெளுக்க, கடை போட. ஒப்பந்த வேலையில் செல்வம் சேர்த்த ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரிலான அறக்கட்டளையின் மைதானம் இன்றும் அல்சூர் ஏரிக்கு அருகே இருக்கிறது. ‘தம்பிகள்’ என்று ராணுவம் முழுக்க அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகமும் அந்த ஏரிப் பக்கம்தான். கௌதமபுரத்துக்கே பழைய பெயர் ‘கன் ட்ரூப்’.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மாலையில் ஆடிய ஆட்டம் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் ஆட்டமாக மாறியது. கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், வெள்ளை உடை வேண்டும், சேர்த்துக்கொள்ள ஒரு கிளப் வேண்டும். கால்பந்துக்கோ ஒரு பந்தும் கொஞ்சம் மண்தரையும் போதும். கற்றுக்கொடுத்தவர்களையே தோற்கடிக்க ரொம்ப காலம் ஆகவில்லை. பம்பாயில் 1891-இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை 1937 வரை பட்டாள அணிகளின் கையிலேயே இருந்தது. அதைப் பறித்த முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த ஆண்டும் அவர்களே வென்றார்கள்.

அதன் பிறகு வரும் பெயர்களைப் படிக்கும்போது எனக்குப் பெருமையும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. 1946-47 சந்தோஷ் கோப்பையில் மைசூர் அணி வங்காளத்தை வீழ்த்தியது. 1948 ஜூலை 31 அன்று, லண்டன் ஒலிம்பிக்கில், இல்ஃபோர்ட் மைதானத்தில் இந்தியா பிரான்ஸை எதிர்கொண்டது. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு, கடைசி நிமிடங்களில் 1-2 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியா சர்வதேசக் கால்பந்தில் போட்ட முதல் கோல் அது. இன்று இந்திராநகரில் சட்டை மேல் மெஸ்ஸி பெயரைப் போட்டுத் திரியும் எத்தனை பேருக்கு ராமனைத் தெரியும்?

அதே அணியில் ஆடிய அகமது கானும் இந்த ஊர்க்காரர். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலின் ‘பஞ்சபாண்டவர்’ முன்வரிசையில் ஒருவர். 1951 ஆசிய விளையாட்டுத் தங்கத்திலும் பங்கு உண்டு. 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா பத்து கோல் அடித்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் அவருடையது. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. 1962-இல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியில் பெங்களூரின் அருமைநாயகம் இருந்தார். 1976 கல்கத்தா டெர்பியில் மோகன் பகானின் அக்பர் பதினேழாவது விநாடியில் போட்ட கோல் இன்றும் பேசப்படுகிறது. அதற்கு வழி திறந்த பந்து உலகநாதன் காலிலிருந்து வந்தது. அவரும் கர்நாடக அணியின் பிள்ளை.

புகழ் கல்கத்தாவில் கிடைத்தது, சோறு பெங்களூரிலேயே கிடைத்தது. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., பி.இ.எம்.எல். என்று வளர்ந்த பொதுத்துறை நிறுவனங்கள் ஒவ்வொன்றும் சொந்தமாகக் கால்பந்து அணி வைத்திருந்தன. நன்றாக ஆடுகிற பையனுக்கு ஆட்ட ஒதுக்கீட்டில் வேலை. அல்சூர், ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன் பிள்ளைகளுக்கு நிரந்தரச் சம்பளமும் கேன்டீன் சாப்பாடும் குவார்ட்டர்ஸும் பந்து வழியாக வந்தன. தாத்தா பட்டாளத்தில் லாயம் கழுவியிருப்பார், பேரன் தொழிற்சாலைச் சீருடை போட்டிருப்பான். இரண்டுக்கும் நடுவே ஒரு மைதானம் இருந்தது. ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. இரண்டும் தேசியக் கால்பந்து லீக் வரை போயின. பிறகு நிறுவனங்கள் விளையாட்டு ஆட்களை எடுப்பது குறைந்தது, அணிகள் தேய்ந்தன. எம்.பி.ஏ. படித்தவர்களுக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. இந்தத் தெருக்களுக்கோ முன்னேற இருந்த கதவுகளில் ஒன்று சாத்தப்பட்டதாக ஆயிற்று.

இப்போது பெலேவிடம் திரும்பினால் அவர் அங்கே நிற்பது விசித்திரமாகத் தெரிவதில்லை. 1888 வரை அடிமை முறை இருந்த நாட்டில், பவுரு என்ற சிறு நகரத்தில், காகிதம் திணித்த காலுறையைப் பந்தாக உதைத்து வளர்ந்தவர். சிறுவயதில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக் காசு சேர்த்தவர். கறுப்பினத்துப் பையன் 17 வயதில் உலகக் கோப்பை வென்று, 1962, 1970-இலும் வென்று, உலகமே எழுந்து நிற்கும்படி செய்தான். 1977 செப்டம்பர் 24 அன்று அவர் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்காக ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானோடு ஆடினார், ஆட்டம் 2-2. பெங்களூர்ப் பையன்கள் பெயர் வாங்கிய அதே நகரத்தில் பெலே கால் வைத்தது இங்கே எவ்வளவு பேசப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்டவர்களுக்கு அம்பேத்கர் சட்டத்தின் வழியாக என்ன சொன்னாரோ, அதைப் பெலே காலால் ஆடிக் காட்டியதாக அந்த மண்டபத்தைக் கட்டியவர்கள் கருதியிருக்க வேண்டும். நான் அதை அப்படித்தான் படிக்கிறேன்.

பந்து நின்றுவிடவில்லை. 2013-இல் தொடங்கிய பெங்களூரு எஃப்சி முதல் பருவத்திலேயே ஐ-லீக் வென்றது. கண்டீரவா அரங்கின் மேற்குப் பகுதியில் பாட்டும் தாளமுமாக நிற்கும் ரசிகர்களைப் பார்க்கவே டிக்கெட் எடுக்கலாம். 2023 மார்ச் 4 அன்று ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகம் சந்தோஷ் கோப்பையை மீண்டும் கொண்டுவந்தது. முந்தைய வெற்றி 1968-69-இல், மாநிலத்தின் பெயர் மைசூர் என்று இருந்த காலத்தில்.

அசோக்நகரில் இருக்கும் கால்பந்து அரங்கின் வாசலில் ஒரு பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்பது என் ஆசை. கன்னடம், தமிழ், உருது மூன்றிலும் எழுதலாம். அகமது கான், அருமைநாயகம், உலகநாதன் எல்லோரும் அதில் வரட்டும். முதல் வரி மட்டும் சாரங்கபாணி ராமன், இல்ஃபோர்ட், 31.7.1948 என்று இருக்கட்டும்.