புறவாசல் மருந்து

பாபநாசத்துக்கு முந்தின ஊர் விக்கிரமசிங்கபுரம். பஞ்சாலைச் சங்கு ஊதுவதை வைத்துத்தான் அங்கே பல வீடுகளில் உலை வைப்பார்கள். எங்கள் ஆச்சி வீடு தார்சா, பட்டாசல், அடுக்களை என்று நீளவாக்கில் போகும். கடைசியில் புறவாசல் கதவைத் திறந்தால் எதிரே பொதிகை மலை. கதவுக்கும் மலைக்கும் நடுவில் ஆச்சியின் காடு.

காடு என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வேலியோரம் நொச்சியும் ஆடாதொடையும் நிற்கும். வேலி மேல் தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். கிணற்றுத் தண்ணீர் ஓடிப் பாய்கிற ஈரத்தில் கரிசலாங்கண்ணி, வல்லாரை, பொடுதலை. துவைகல் பக்கம் கற்பூரவள்ளி. வசம்பு மட்டும் உடைந்த தொட்டியில், சேற்றிலேயே நிற்கும். இவற்றில் பாதி ஆச்சியின் மாமியார் நட்டவை. கீழாநெல்லியை யாரும் நட்டதில்லை. ஐப்பசி மழை விழுந்த கையோடு தானாக முளைக்கும். களை பறிக்க வருகிறவளிடம், "ஏட்டி, அந்தப் பாத்தியில கை வைக்காத" என்று படியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

தாத்தாவின் அப்பா ஊரறிந்த வைத்தியர். பற்பம், செந்தூரம் என்று புடம் போட்டவர். தாத்தா ஆலை வேலைக்குப் போனதும் அந்தப் புடம் அணைந்துவிட்டது. ஆண்கள் விட்டதைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள், அதுவும் அடுக்களைக்கு அடங்குகிற அளவுக்கு மட்டும்: இலை, வேர், பட்டை, காய். பாதரசம், கந்தகம் பக்கம் ஆச்சி போனதே இல்லை. "அது அவுகளோட போச்சு" என்பாள். அது நல்லதுக்குத்தான் என்று இப்போது படுகிறது.

தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஆச்சியின் உரைகல் வெளியே வரும். உள்ளங்கை அகலக் கல். நடுவில் தேய்ந்து குழி விழுந்தது. முதலில் வசம்பைக் கம்பியில் குத்தி, விளக்கெண்ணெய்த் திரியில் காட்டிக் கரியாகும்வரை சுடுவாள். பிறகு கல்லில் இரண்டு சொட்டு வெந்நீர் விட்டு, வசம்பை ஒரு இழைப்பு, ஜாதிக்காயை ஒரு இழைப்பு, மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று வரிசையாக இழைப்பாள். பிள்ளைக்கு மாதம் ஏற ஏற இழைப்பும் கூடும். அந்தச் சாம்பல் நிறக் குழம்பைச் சங்கில் வழித்து ஊற்றும்போது பிள்ளை முகத்தைச் சுளிக்கும். சுற்றி நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். இன்று ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். அவர்கள் சொல்வதே சரி. ஆனால் சுட்ட வசம்பின் அந்த வாடை எங்காவது அடித்தால் கால் தானாக நின்றுவிடுகிறது.

வீட்டில் தராசு கிடையாது. சுண்டைக்காயளவு, கொட்டைப்பாக்களவு, மூன்று விரல் கொள்ளும் பொடி என்பவைதான் கணக்கு. கடுக்காயில் கொட்டையையும் இஞ்சியில் தோலையும் நீக்காமல் எதுவும் அம்மிக்கு ஏறாது. நாங்கள் அவசரப்பட்டு ஒரு கைப்பிடி இலையைக் கூடுதலாகப் பறித்து வந்தால், "ஏல, இது மருந்துலே, கீரை இல்ல" என்று மிச்சத்தைத் திருப்பி மண்ணில் போட்டுவிடுவாள்.

காமாலை என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஆலைக்காரர்கள் முதல் ஷிப்டுக்குப் போகிற வழியில் விடிகாலையிலேயே வந்து நிற்பார்கள். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அலசி, கொட்டைப்பாக்களவு அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள். ஆனால் மருந்தைவிடப் பத்தியத்தில்தான் கறார். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வேலைக்கும் போகக் கூடாது. "சம்பளம் போயிரும் ஆச்சி" என்று ஒருவர் இழுத்தார். "அப்ப மருந்தும் வேண்டாம், போங்க அண்ணாச்சி" என்று தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். மனிதர் அன்றைக்கே லீவு சொன்னார். எங்களிடம் தனியாக இருக்கும்போது உண்மையைச் சொல்வாள்: "முக்காவாசிக் காமாலை தானாவே எறங்கிரும். நான் குடுக்கது பாதி எல, பாதி படுக்க."

1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து நல்ல பலன் கண்டதாகச் சொன்ன ஆய்வு லான்செட் இதழில் வந்தது. நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அதில் பங்கு கொண்டவர். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆச்சி கேட்டிருந்தால் இரண்டுக்கும் அசந்திருக்க மாட்டாள். நோயாளி பிதற்றினாலோ கால் வீங்கினாலோ அவளுக்கு வேறு பேச்சே கிடையாது: "இது என் கைக்கு அடங்காது. அம்பாசமுத்திரம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க." பாம்புக்கடிக்கு அவள் ஓர் இலைகூடப் பறித்ததில்லை. சிறியாநங்கை கேட்டு ஓடி வருகிறவர்களை வாசலிலேயே பஸ்ஸுக்குத் திருப்பி விடுவாள். எங்கள் குடும்பத்துச் சொத்து என்று நான் எண்ணுவது செடிகளைவிட அந்த மறுப்பைத்தான். செடி எல்லோர் வீட்டிலும் முளைக்கும்.

மலையிலிருந்து காணிக்காரர்கள் தேன், கடுக்காய், நன்னாரி வேர் கொண்டு இறங்குவார்கள். காசு பாதி, அரிசி பாதியாக வாங்கிப் போவார்கள். முண்டந்துறையும் களக்காடும் சேர்ந்து 1988இல் புலிகள் காப்பகம் ஆனபின் கெடுபிடி கூடியது. அந்த வரவும் சுருங்கியது. அதற்குள் அத்தை மகள் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். 1964 முதல் நடக்கிற கல்லூரி. விடுமுறையில் வந்தால் ஒவ்வொரு செடிக்கும் லத்தீன் பெயர் சொல்வாள். ஆச்சி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சரிதாயி, கண்ண மூடிக்கிட்டுக் கசக்கி மோந்து பாத்து எதுன்னு சொல்லு" என்பாள். அந்தப் பரீட்சையில் டாக்டரம்மா தேறுவதற்கு வருஷங்கள் ஆயின.

ஆடாதொடை இலையில் உள்ள வாசிசினை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தை உண்டாக்கினார்கள் என்பது அத்தை மகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆச்சியின் முறை எளிது. நாலைந்து இலையை நறுக்கி, மிளகும் அதிமதுரமும் தட்டிப் போட்டு, நாலில் ஒன்றாக வற்றவைத்துத் தேன் விட்டுக் கொடுப்பாள். கசப்பு நாக்கை விட்டு இறங்க வெகுநேரம் ஆகும். பிரண்டைத் துவையல் வேறு ரகம். அது மருந்து என்று யாருக்கும் தோன்றாது. கணு நீக்கி, நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால், சுடுசோற்றுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். உரிக்கிறவர் கைதான் அரிப்பெடுக்கும்.

2012இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரை அரசே ஊர் ஊராகக் கொடுத்தது. ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. நிலவேம்பு ஒன்றுதான் பெயருக்கு. உடனே வெறும் நிலவேம்புப் பொடியைப் பாக்கெட்டில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். நாள் கணக்கு, அளவு எதுவும் இல்லாமல் காப்பிக்குப் பதிலாகக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆச்சி இருந்திருந்தால் தம்ளரைப் பிடுங்கியிருப்பாள்.

வீடு கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் புறவாசலுக்கு சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; விற்றது நாங்கள்தான். வேலியிலிருந்து கழித்த கொம்புகளைச் சித்தி கல்லிடைக்குறிச்சிக்குக் கொண்டுபோய் ஊன்றி வைத்தாள். ஆடாதொடையும் நொச்சியும் அங்கே ஆளுயரத்துக்கு நிற்கின்றன. கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒடித்துக் கொடுக்கிறாள்.

இடம் இருக்கிறவர்கள் ஆடாதொடையில் ஒரு கொம்பு வாங்கி வையுங்கள். முற்றின கிளையில் ஒரு சாண் போதும். மழைக்காலத்தில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். ஆடு வாய் வைக்காது, அதனால் வேலியும் வேண்டாம். பிள்ளையுண்டாகியிருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். இருமல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ சளியில் ரத்தம் கண்டாலோ இலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.