பெர்லின் 230 கி.மீ.

கப்பல் நிறுவனம் அனுப்பிய வண்ணக் கையேட்டில், இரண்டாம் நாளுக்கான கட்டத்தில் கொட்டை எழுத்தில் 'பெர்லின்' என்று போட்டிருந்தது. பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், எறும்பு அளவில் இன்னொரு பெயர்: வார்னமுண்டே. கணவரின் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சின்ன எழுத்துதான். ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அதில் பெரும்பகுதி டில்லி கன்ட்ரோல் ஆபீஸில், செக்‌ஷன் கன்ட்ரோலராக. அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு அளந்து பார்த்தார்.

"டீச்சரம்மா, பெர்லினில் கடலே கிடையாது. துறைமுகத்திலிருந்து 230 கிலோமீட்டர். ஆக்ரா காட்டறேன்னு கூட்டிப்போய் டில்லியில் இறக்கிவிடற கதை இது."

டீச்சர் அப்படியொன்றும் அதிர்ச்சியடையவில்லை. பெர்லினில் கடல் இல்லை என்பது அவருக்குத் தெரியாததா? மயூர் விஹாரில் குடியிருக்கும் அவர், டில்லிப் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நாற்பதாவது திருமண நாளுக்குக் கப்பல் பயணம் ஒன்றைப் பரிசாகத் தரலாம் என்று மகன் தீர்மானித்து நாலைந்து கையேடுகளை அனுப்பியபோது, மத்தியதரைக் கடல், கிரேக்கத் தீவுகள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு பால்டிக் கடலைத் தேர்ந்தெடுத்ததே இந்த ஒரு நாளுக்காகத்தான். 2022 வரை இந்தக் கடல் பாதையின் பெரிய கவர்ச்சி செயின்ட் பீட்டர்ஸ்பர்க். உக்ரைன் போர் வந்ததும் கப்பல்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டன. அவர்கள் போன 2023 ஜூனில் மிச்சமிருந்தவை கோபன்ஹேகன், வார்னமுண்டே, தாலின், ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம். எல்லாமே ஷெங்கன் விசாவுக்குள் அடங்கிவிட்டன.

ஊர் பெயரை இப்படிக் கடன் வாங்குவது கப்பல் உலகில் சகஜம். ரோம் என்றால் சிவிடவெக்கியா, பாரிஸ் என்றால் லு ஆவ்ர், ஃப்ளாரன்ஸ் என்றால் லிவோர்னோ, பாங்காக் என்றால் லெம் சபாங். பெரிய கப்பலுக்கு ஆழமான தண்ணீர் வேண்டும். சரித்திரம் பெரும்பாலும் ஆற்றங்கரையில், உள்ளே தள்ளி நடந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்துக்குத்தான் பஸ் டிக்கெட் விற்கிறார்கள். பெர்லினுக்குத் தலைக்கு நூறு டாலருக்கும் மேல்.

வீட்டில் விவாதம் அங்கேதான் தொடங்கியது. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போய் நேரத்துக்குத் திரும்பாதவர்களுக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். கணவர் பஸ் கட்சி. டீச்சர் பஸ்ஸின் நிகழ்ச்சி நிரலைப் படித்தார். பிராண்டன்பர்க் வாயில், ரெய்க்ஸ்டாக், செக்பாயின்ட் சார்லி, மதிய உணவு, கடைவீதி. பெர்னாவர் தெரு என்ற பெயரைத் தேடினார். 'வழியில் காணலாம்' என்றிருந்தது.

"வழியில் பார்க்கவா அவ்வளவு தூரம் போறது?" என்றார் டீச்சர். வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கணவர் ஒரு வரைகட்டத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கன்ட்ரோல் ஆபீஸில் தினமும் செய்த அதே வேலை. ஒரு பக்கம் மணி, இன்னொரு பக்கம் ஸ்டேஷன்கள், குறுக்கே சாய்ந்து ஓடும் பென்சில் கோடுகளாக ரயில்கள். காலை ஏழுக்குக் கப்பல் கரை சேரும். மாலை எட்டுக்குப் புறப்படும், ஏழரைக்குள் ஏறியிருக்க வேண்டும். வார்னமுண்டேயிலிருந்து ரோஸ்டாக் இருபது நிமிஷம். ரோஸ்டாக்கிலிருந்து பெர்லினின் வட பகுதியிலுள்ள கெசுண்ட்ப்ருன்னன் ஸ்டேஷனுக்கு இரண்டரை மணி. பெர்லினில் கிடைப்பது பதினொன்றிலிருந்து மூன்றரை வரை. திரும்பும்போது கையிருப்பு ஒரு மணி நேரம். மூன்றரை வண்டியை விட்டால், அதற்கடுத்து அவர் குறித்துவைத்திருந்த வண்டி ரோஸ்டாக்கைத் தொடும்போது கப்பல் கடலில் இருக்கும். அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார்.

டீச்சருக்குப் பெர்னாவர் தெருவின் மேல் இருந்தது பக்தி அல்ல, பழைய கடன். 1980களின் நடுவில் ஒரு வகுப்பு. 1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, பெர்லினில் விடிந்தபோது ஊரின் நடுவே முள்கம்பி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், சனிக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போன பையன் எப்படித் திரும்பி வந்தான்?" பாடப்புத்தகத்தில் கென்னடி இருந்தார், குருஷ்சேவ் இருந்தார். பாட்டி வீட்டுக்குப் போன பையன் இல்லை. 'இது பரீட்சைக்கு வராது' என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்துவிட்டார். எந்த ஆசிரியரும் சொல்லியிருக்கக்கூடிய பதில்தான். அதன் பிறகு 1989 நவம்பர் 9 வந்தது, சுவர் போயிற்று. அடுத்த வருடம் அக்டோபர் 3க்குப் பிறகு மாணவர்களிடம் வரைபடப் புத்தகத்தைத் திறந்து இரண்டு ஜெர்மனிகளுக்கு இடையிலிருந்த கோட்டை ரப்பரால் அழிக்கச் சொன்னார். அச்சடித்த கோடு அழியவில்லை, தாள்தான் கிழிந்தது. கேள்வி கேட்ட பெண் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தாள்.

வார்னமுண்டேயில் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து ரயில் நிலையம் நடை தூரம். கப்பலின் காலைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து நான்கு பன்னும் இரண்டு ஆப்பிளும் நாப்கினில் சுற்றப்பட்டு டீச்சரின் கைப்பையில் இருந்தன. உணவுப் பொருள்களை வெளியே எடுத்துப் போகக்கூடாது என்று வாசலில் எழுதியிருந்ததை அவர் படிக்காதது போல் கடந்தார். முப்பது வருடம் மாணவர்களைப் பிடித்தவருக்கு இந்த வித்தை தெரியாதா?

ரயில் போகும் வழி சமவெளி. கோதுமை, ஏரி, பைன் காடு. ஓரானியன்பர்க் என்ற பெயர்ப்பலகை வந்தபோது டீச்சர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹிட்லர் காலத்தில் 1936இல் திறந்த ஸாக்ஸன்ஹௌசன் வதைமுகாம் அந்த ஊரில்தான். ஐரோப்பாவில் சரித்திரம் படித்தவர்கள் ரயிலில் நிம்மதியாகப் போக முடியாது என்று கணவர் பிறகு சொன்னார்.

கெசுண்ட்ப்ருன்னனில் இறங்கி எஸ்-பான் எனப்படும் நகர ரயிலில் இரண்டாவது நிறுத்தம், நார்ட்பான்ஹோஃப். மேலே வந்தால் பெர்னாவர் தெரு தொடங்குகிறது.

அந்தத் தெருவைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கு பெர்லினைச் சேர்ந்தவை. அந்த வீடுகளின் வாசலில் இருந்த நடைபாதை மேற்கு பெர்லினைச் சேர்ந்தது. வீட்டுக்காரர் வாசற்படியில் காலெடுத்து வைத்தால் வேறு நாடு. 1961 ஆகஸ்டில் முதலில் வாசல் கதவுகளை அடைத்தார்கள். மக்கள் ஜன்னல் வழியாக இறங்கினார்கள். கீழ் ஜன்னல்களைச் செங்கல் வைத்து மூடினார்கள். மாடியிலிருந்து குதித்தார்கள், கீழே மேற்கு பெர்லின் தீயணைப்புப் படையினர் வலையை விரித்துப் பிடித்தார்கள். ஆகஸ்ட் 22ஆம் தேதி காலை இடா ஸீக்மான் என்ற பெண்மணி தன் படுக்கை விரிப்புகளை ஜன்னல் வழியே வீசிவிட்டுப் பின்னாலேயே குதித்தார். வலை தயாராகியிருக்கவில்லை. மறுநாள் அவருக்கு 59 வயது பூர்த்தியாகியிருக்கும். எல்லைச் சுவரில் முதல் பலி அவர்தான். பின்னர் வீடுகளைக் காலி செய்து இடித்தார்கள். முகப்புகளை மட்டும் விட்டுவைத்தார்கள். பல வருடம் அந்த முகப்புகளே சுவராக நின்றன.

இன்று அங்கே இருப்பது 1.4 கிலோமீட்டர் நீளத்துக்குப் புல்வெளி. ஒரு துண்டு மட்டும் பழைய சுவரும், பின்சுவரும், நடுவே மரண மண்டலமுமாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. எதிர்ப்புறக் கட்டிடத்தின் மேடையில் ஏறினால் அதை மேலிருந்து பார்க்கலாம். சுவர் போன இடங்களில் துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி நின்றால் சுவர் போலத் தெரிகிறது. கிட்டே போனால் கம்பிகளுக்கு இடையே ஆள் நுழைய முடிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிப் பிடித்து விளையாடியது. ஆசிரியை அதட்டவில்லை. டீச்சர் அந்த ஆசிரியையைக் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மணிக்கு இங்கேயே" என்று சொல்லிவிட்டுக் கணவர் நார்ட்பான்ஹோஃபுக்குத் திரும்பினார். அவர் வரும்போதே ஸ்டேஷன் சுவரில் கண்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டிருந்தார். மேற்கு பெர்லினின் வடக்கையும் தெற்கையும் இணைத்த சுரங்க ரயில் கிழக்கு பெர்லினுக்கு அடியில் போயிற்று. 1961 முதல் அந்த வண்டிகள் நார்ட்பான்ஹோஃப் போன்ற ஸ்டேஷன்களில் நிற்காமல், மெதுவாக ஊர்ந்து போயின. மங்கிய வெளிச்சத்தில் பிளாட்பாரத்தில் துப்பாக்கியோடு காவலர்கள். பேய் ஸ்டேஷன்கள் என்று மக்கள் பெயர் வைத்தார்கள். விநோதம், 1984 ஜனவரி வரை மேற்கு பெர்லினிலும் எஸ்-பானை இயக்கியது கிழக்கு ஜெர்மனியின் ரயில்வேதான். சுவர் எழுப்பியவர்களே சுவருக்கு அந்தப் பக்கமும் சிக்னல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நார்ட்பான்ஹோஃப் மறுபடி திறந்தது 1990 செப்டம்பர் 1இல். இருபத்தொன்பது வருடம் வண்டி நிற்காத ஸ்டேஷன்! வண்டி நிற்காவிட்டால் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தே பழகியவர் ஒரு மணிக்குத் திரும்பவில்லை. இரண்டேகாலுக்குத்தான் வந்தார்.

டீச்சரும் அவரைத் தேடியிருக்கவில்லை. இறந்தவர்களின் படங்கள் பதித்த இரும்புச் சட்டத்தின் முன் நின்றிருந்தார். சுவரில் குறைந்தது 140 பேர் இறந்தார்கள். படங்களில் பெரும்பாலும் இருபதை ஒட்டிய இளைஞர்கள். ஆனால் குழந்தைகளும் இருந்தார்கள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், மேற்கு பெர்லினில் குடியேறிய துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தவன், 1975 மே மாதம் தன் பிறந்த நாளன்று பந்தை எடுக்கப் போய் ஸ்ப்ரே ஆற்றில் விழுந்தான். அந்த இடத்தில் கரை மேற்கு, ஆற்றுத் தண்ணீர் கிழக்கு. மேற்குக் கரையில் வந்து நின்ற தீயணைப்புப் படை, சுடுவார்களோ என்று தண்ணீரில் இறங்கவில்லை. ஆற்றில் விழுபவர்களைக் காப்பாற்ற இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டது அந்த வருடம் அக்டோபரில்.

"எத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கேன். இந்தப் பிள்ளையைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க" என்றார் டீச்சர்.

பாட்டி வீட்டுக்குப் போன பையனுக்கும் பதில் கிடைத்திருந்தது. அவன் வீடு மேற்கில் இருந்திருந்தால் அந்த ஞாயிறன்று காகிதத்தைக் காட்டித் திரும்பியிருப்பான். ஆனால் பாட்டியை மறுபடி பார்க்க 1963 கிறிஸ்துமஸ் வரை காத்திருந்திருப்பான். அப்போதுதான் முதன்முறையாக மேற்கு பெர்லின்காரர்களுக்கு, உறவினரைப் பார்க்க ஒரு நாள் அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். இரண்டு வருடம், நாலு மாதம். அதற்குள் பாட்டி இருந்தாளோ இல்லையோ.

கணக்குப்படி பிராண்டன்பர்க் வாயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்று ஸ்டேஷன்தான், போய்விட்டு ஓடி வரலாம். ஓடி வர வேண்டுமே என்பதுதான் பிரச்னை, டீச்சரின் முழங்கால் ஓடும் முழங்கால் அல்ல. பேரனுக்குக் காட்ட அங்கே ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கணவர் டில்லியிலேயே சொல்லியிருந்தார். இப்போது அவரே, "வேண்டாம், இங்கேயே உட்காரலாம்" என்றார். 1985இல் எல்லைக் காவலுக்கு இடைஞ்சல் என்று கிழக்கு அரசு வெடி வைத்துத் தகர்த்த தேவாலயம் இருந்த இடத்தில் மண்ணால் குழைத்துக் கட்டிய சிறு ஜெபக்கூடம் இருக்கிறது. அதைச் சுற்றி மரண மண்டலத்து மண்ணிலேயே ரை தானியம் பயிரிட்டிருக்கிறார்கள். கதிர் பிடித்திருந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்து பன்னைச் சாப்பிட்டார்கள்.

மூன்றரை வண்டி நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் புறப்பட்டது. ஃபூர்ஸ்டன்பெர்க் தாண்டிக் காட்டின் நடுவே நின்றது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். ஜெர்மன் மொழியில் ஏதோ அறிவிப்பு. எதிரிலிருந்த இளைஞன் தோளைக் குலுக்கினான். எந்த வண்டி எங்கே ஏன் நிற்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த மனிதர், தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வரைகட்டத் தாளை எடுத்தார். சாய்ந்து போக வேண்டிய கோடு படுத்துவிட்டது, அதைப் படுத்தபடியே நீட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கைப்பையைத் துழாவினார். தாலினுக்கு விமானக் கட்டணம் என்ன ஆகும், மாத்திரை டப்பா கப்பலில் இருக்கிறதே, மகனுக்கு எப்படிச் சொல்வது?

"பஸ்ஸில் போயிருக்கலாம்" என்று கணவர் சொல்லவில்லை. சொல்லுவார் என்று டீச்சர் காத்திருந்தார்.

முப்பத்தெட்டாவது நிமிஷம் வண்டி நகர்ந்தது. ரோஸ்டாக்கில் பிளாட்பாரம் மாறி, படியில் கைப்பிடியைப் பிடித்து இழுத்து, வார்னமுண்டே வண்டியில் ஏறியபோது ஆறு ஐம்பது. கப்பலின் நுழைவாயிலில் அட்டையைத் தேய்த்தபோது ஏழு பதினெட்டு. பஸ்ஸில் போனவர்கள் குளித்து உடை மாற்றிச் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டிருந்தார்கள். அதே மேஜையில் உட்காரும் புனே தம்பதி செக்பாயின்ட் சார்லி படத்தைக் காட்டினார்கள். படத்திலிருந்த காவல் குடில் அசல் அல்ல, பிறகு செய்து வைத்த நகல் என்பது டீச்சருக்குத் தெரியும். "நன்றாக வந்திருக்கிறது" என்றார்.

எட்டு மணிக்கு வெயில் இருந்தது. மேல்தளத்தில் நின்றார்கள். 1898இலிருந்து நிற்கும் கலங்கரை விளக்கம், அதன் கீழே கரையில் ஐஸ்கிரீமும் பியருமாக ஊர் ஜனங்கள், புறப்படும் கப்பலைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள். இந்த ஊரும் கிழக்கு ஜெர்மனிதான். 1903 முதல் 1995 வரை, இங்கிருந்து டென்மார்க்கின் கெட்ஸருக்கு ரயில் பெட்டிகளையே ஏற்றிக்கொண்டு படகு போயிற்று என்பதைக் கணவர் கப்பல் நூலகத்தில் படித்திருந்தார். சுவர் இருந்த காலத்திலும் அந்தப் படகு போனது. ஊர்க்காரர்கள் இதே கரையில் நின்று பார்க்கலாம், அனுமதி இல்லாமல் ஏற முடியாது. ரப்பர் படகிலும் நீந்தியும் இந்தக் கடலைத் தாண்ட ஆயிரக்கணக்கானோர் முயன்றார்கள். பலர் கரை சேரவில்லை.

கையாட்டுபவர்களில் நரைத்த தலைகள் நிறைய. டீச்சரும் கையை உயர்த்தினார். கணவர் வரைகட்டத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு பேர் என்ன?" என்றார்.

"எந்தப் பொண்ணு?"

"கேள்வி கேட்டாளே."

டீச்சர் யோசித்தார். நேருக்கு நேர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவளின் பெயர் ஞாபகம் வந்தது. அவளுடைய தங்கையின் பெயர்கூட வந்தது. பின் பெஞ்சுக்காரியின் பெயர் மட்டும் தாலின் போய்ச் சேரும் வரை வரவில்லை.