ஓரம் தெரியக் கூடாது

போடியில் இருக்கும் நண்பர் ஒருநாள் காலையில் படம் ஒன்று அனுப்பினார். மஞ்சள் நிற அரசுப் பேருந்து, வெயிலில் நிற்கிறது. 2023-இல் பழைய பேருந்துகளுக்குப் புதுக் கூடு கட்டி மஞ்சள் அடித்து விட்டார்களே, அந்த ரகம். “எந்த டிப்போ?” என்று கேட்டேன். பதிலுக்கு இன்னொரு படம் வந்தது. அதே பேருந்து, கூரைமேல் ஒரு தீப்பெட்டி.

அந்தத் தீப்பெட்டிதான், பொம்மைப் பேருந்தைச் செய்த பெயிண்டரைத் தேடி என்னைத் தேவாரம் என்ற ஊருக்கு இழுத்துப் போனது.

போனது ஆடி மாதம். கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று என்றால் சும்மா இல்லை. மேற்கே மலை அருகிலேயே நிற்கிறது. அதைத் தாண்டி இறங்குகிற காற்று ஊர்ப் புழுதியையெல்லாம் கிழக்கே வாரிக்கொண்டு போகிறது. பேருந்தைவிட்டு இறங்கியதுமே வாயில் மண் கடித்தது. “பெயிண்டர் வீடு எது?” என்று டீக்கடையில் கேட்டதற்கு, “ஜீப்புக்கு எழுதுவாரே, அவரா? பொம்மை பஸ்ஸு பண்றாரே, அவரா?” என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டு பேரும் ஒருவர்தான் என்பது பிறகு தெரிந்தது.

மொட்டைமாடியில் தகரம் போட்ட ஒற்றை அறை. ஐம்பது வயதைத் தாண்டியவர். கைலி, தோளில் துண்டு, நகக்கண்ணில் மஞ்சள் பெயிண்ட். “சார்” என்று ஆரம்பித்து, டீ வருவதற்குள் “அண்ணே”வுக்கு வந்துவிட்டார்.

ஃபோம் ஷீட் எனப்படும் பிவிசி பலகையை வெட்டி, ஒட்டி, ஜன்னல் வைத்துக் கூடு கட்டுவதை இரண்டு மணி நேரம் காட்டினார். எனக்கு அளவுகோலும் கத்தியும் என்றாலே கண் சொருகும், அதை விட்டுவிடுகிறேன். நிஜப் பேருந்தில் இருபதில் ஒரு பங்கு அளவு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, கலர் ஏற்றுவது வரை ஜீப்புக்குச் செய்கிற அதே வேலைதான். எனக்குத் தூக்கம் கலைந்தது ஸ்டிக்கர் வந்தபோது.

பக்கவாட்டில் ஒட்ட வேண்டிய போக்குவரத்துக் கழகத்தின் பெயர், நெற்றியில் ஊர்ப் பெயர், கோபுரச் சின்னம், பின்னால் நம்பர், உள்ளே ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே ஒரு திருக்குறள். குறள் அரிசி அளவில் இருந்தது. கண்ணாடி போட்டும் என்னால் படிக்க முடியவில்லை. “படிக்க வேணாம்ணே, அது இல்லேண்டா பஸ்ஸு அரசு பஸ்ஸு மாதிரி தெரியாது” என்றார்.

முதலில் ரேடியம் கடையில் வெட்டி வாங்கிய ஸ்டிக்கரைத்தான் ஒட்டிப் பார்த்திருக்கிறார். (நம்பர் பிளேட் கடையை ஏன் ரேடியம் கடை என்கிறோம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை, நல்ல வேளை, அதில் ரேடியம் கிடையாது.) அந்தத் தாள், பசையோடு சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். ஜீப்பில் அது தெரியாது. ஆனால் இருபதில் ஒரு பங்கு பேருந்தில் ஒட்டினால், நிஜப் பேருந்தில் இரண்டு மில்லிமீட்டர் தகட்டை எழுத்தாக வெட்டி ஆணி அடித்த மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். சின்னது செய்கிறவனுக்குக் கனம்தான் எதிரி. எனவே தண்ணீரில் ஊறப்போட்டு வழுக்கி எடுக்கும் தாளுக்கு மாறியிருக்கிறார். அதில் எழுத்தைத் தாங்கும் படலம் ரேடியம் தாளைவிடப் பல மடங்கு மெல்லியது. பாலிடெக்னிக் படிக்கும் மகன் அச்செடுத்துத் தருகிறான். வீட்டு பிரிண்டர் மை தண்ணீர் பட்டால் கரையும். அதனால் ஊறப்போடும் முன்பே தாளின்மேல் ஒரு கை கிளியர், அதாவது நிறமில்லாத வார்னிஷ், அடித்தாக வேண்டும். இன்னொரு தொல்லை, பிரிண்டருக்கு வெள்ளை தெரியாது. அரக்கு நிற பஸ்ஸில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், வெள்ளைத் தாளில் சுற்றிலும் அரக்கை அச்சடித்து, பஸ் நிறத்தோடு அந்த அரக்கு ஒத்துப்போகும் வரை மல்லாட வேண்டும்.

ஒட்டும் முன்பே பஸ்ஸின்மேலும் ஒரு முறை கிளியர். ஏன் என்று கேட்டதற்கு, பளபளப்பில்லாமல் கலர் அடித்த ஒரு துண்டில் தாளை ஒட்டிக் காட்டினார். காய்ந்ததும் எழுத்தைச் சுற்றி மீன் செதில் மாதிரி வெள்ளி மினுக்கியது. பளபளப்பில்லாத பெயிண்ட் என்பது கிட்டத்தில் பார்த்தால் மேடும் பள்ளமும். படலம் மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவி உட்கார, பள்ளத்தில் காற்று தங்கிவிடுகிறது. அந்தக் காற்றுதான் மினுக்குகிறது. வழவழவென்று கிளியர் அடித்த இடத்தில் காற்றுக்கு ஒளிய இடம் இல்லை.

பிறகுதான் பெரிய வேலை. எழுத்தின்மேல் முதல் கை கிளியரைப் புகை மாதிரி விட்டார். ஸ்ப்ரே கன் தூரத்தில், விரல் விசையில் பட்டும் படாமலும். அடித்தாரா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. ஆசைப்பட்டு முதலிலேயே நனைய அடித்தால் தின்னர் படலத்தைத் தின்றுவிடும்; எழுத்து சுருங்கி, பால் மேல் ஆடை மாதிரி மடிந்து வந்துவிடும். காயவிட்டு இன்னொரு புகை. அதற்குப் பிறகே ஈரமாக இரண்டு கை. நன்றாக இறுகிய பின், இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஓரத்தைத் தேய்ப்பார். கொஞ்சம் மிஞ்சினால் எழுத்தே போய்விடும். மறுபடி கிளியர். நகத்தால் வருடிப் பார்த்து, எங்கே பஸ் முடிந்து எங்கே எழுத்து தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாமல் போகும் வரை.

“ஓரம் தெரியக் கூடாதுண்ணே. தெரிஞ்சா ஸ்டிக்கரு. தெரியலேண்டா கையெழுத்து.”

இதைச் சொன்னவர் யார் என்பதுதான் விஷயம். பதினாலு வயதில் கம்பத்தில் ஒரு பெயிண்ட் பட்டறையில் சேர்ந்தவர். அணில் வால் முடி பிரஷ்ஷில் எழுத்து பழகி, கடைப் பலகை, சுவர், ஜீப் என்று எழுதித் தள்ளியிருக்கிறார். விடியுமுன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஜீப்புகளின் நெற்றியில் சாமி பெயர், பின்னால் பிள்ளைகள் பெயர். நிழல் வைத்த எழுத்துக்குத் தனிக் கூலி. சென்னைப் பக்கம் புல்லட் டாங்கியில் கையாலேயே தங்கக் கோடு இழுக்கிற ஆட்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு மரியாதை வந்தது. பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, பலகை போயிற்று. ரேடியம் கட்டிங் வந்தது, ஜீப்பும் போயிற்று. மூன்று நாள் வேலையை ஒரு மெஷின் மூன்று நிமிடத்தில் வெட்டித் தள்ளியதை, அந்தக் கடை வாசலிலேயே நின்று பார்த்திருக்கிறார். தன் பிழைப்பைப் பறித்த ஸ்டிக்கரை, ஸ்டிக்கர் என்று தெரியாமல் செய்வதற்குத்தான் இப்போது இரவெல்லாம் தேய்க்கிறார். நான் இதைச் சொன்னபோது, “அப்பிடியெல்லாம் யோசிச்சா தேய்க்க முடியாதுண்ணே” என்று தின்னர் டப்பாவை மூடினார்.

ஆடியில் கிளியர் அடிப்பது பெரும்பாடு. காற்றில் தூசு வந்து ஈரத்தில் உட்காரும். தூசு அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்தால், அறையில் ஈரம் ஏறும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் படிந்து, கிளியர் வெளுத்துப் பூத்துவிடும். புழுதியா, பூப்பா என்று இரண்டுக்கும் நடுவே ஒரு நேரத்தைப் பிடிக்க வேண்டும். அவருக்கு அது காற்று அடங்கும் வேளை. அந்நேரம் வீட்டில் யாரும் மாடிக்கு வரக் கூடாது, துணி உதறக் கூடாது.

ஒன்று எனக்குப் பொறுக்கவில்லை. கடைசிக் கைக்கு அவர் பயன்படுத்துவது ஆர்டனர் கலக்கும் கார் கிளியர். கல் மாதிரி இறுகும், வெயிலில் மஞ்சள் பூக்காது. அந்த ஆர்டனரில் இருப்பது ஐசோசயனேட். மூச்சில் ஏறினால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் துளி பட்டாலும் நெஞ்சு இறுகும். வெளிக்காற்றைக் குழாயில் கொடுக்கும் முகமூடி போட்டு அடிக்க வேண்டிய சரக்கை இவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிறார். துண்டு புழுதியைத் தடுக்கும், இதைத் தடுக்காது. முகமூடி விலை சொன்னேன். சிரித்தார்.

விலை என்றதும் பேச்சு கூலிக்கு வந்தது. ஒரு பஸ்ஸுக்கு இருபது நாள். கைக்கு வருவது ஆறாயிரம். அதை வாங்கி, தன் பெயரில் இன்ஸ்டாகிராமில் போட்டு, பதினான்காயிரத்துக்கு விற்கிறார் ஒரு வெளியூர்க்காரர். எனக்குச் சூடு ஏறிவிட்டது. தின்னர் வாடையே தெரியாதவனுக்கு எட்டாயிரமா, ஏலக்காய் பறிக்கிறவளுக்கு ஒரு கணக்கு, ஏலம் எடுக்கிறவனுக்கு ஒரு கணக்கு என்று இருப்பதுபோல் இங்கேயுமா, பஸ்ஸின் அடியிலாவது உங்கள் பெயரை எழுதக் கூடாதா என்று பொழிந்து தள்ளினேன். அவர் மனைவி கருப்பட்டிக் காபியை வைத்துவிட்டு நின்று கேட்டார்.

“அந்தத் தம்பி இல்லேண்டா இந்த பஸ்ஸு எம் மாடியிலயேதான் நின்னுருக்கும்ணே” என்றார் பெயிண்டர். “அடியில எழுதுனேன். தேய்ச்சு எடுத்துட்டுத்தான் அனுப்புறாரு.” இரண்டு வாக்கியத்தையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

கிளம்பும்போது மூலையில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் அண்டா ஒன்றைக் காட்டினார். மதுரைப் பக்கம் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போன வேலை. தான் ஓட்டிய பழைய பாண்டியன் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். 1972-இல் தொடங்கிய பாண்டியன் கழகத்தின் பெயர், 1997-இல் விருதுநகர்க் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது மூண்ட கலவரத்தை அடுத்து, மற்ற எல்லாக் கழகப் பெயர்களோடும் சேர்த்து எடுக்கப்பட்டது. அந்தக் கால எழுத்து கம்ப்யூட்டரில் இல்லை. மகன் நாலு ஃபாண்ட் காட்டியிருக்கிறான், பெரியவர் நாலையும் தள்ளிவிட்டார். கடைசியில் பெயிண்டர் பரணில் கிடந்த பழைய பிரஷ்ஷை எடுத்து, எண்ணெய் பெயிண்டில் தானே எழுதிவிட்டார்.

“இதுக்குக் கிளியர்?”

“எண்ணெய் பெயிண்டு மேல தின்னர் கிளியர் அடிச்சா சுருட்டிரும்ணே. வேணாம். ஓரம் ஏது, மறைக்கிறதுக்கு?”

பார்க்கலாமா என்று அண்டாவின் விளிம்பில் கை வைத்தேன். “இன்னும் காயல. காத்து வேற அடிக்குது” என்றார். கையை எடுத்துக்கொண்டேன்.