மாலே போக ஒரு மணி, வர இரண்டு மணி

மாலத்தீவில் ஓட்டல் வேலை பார்க்கும் மருமகன், ஜூலை லீவுக்கு எடுத்த டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். மாலேயிலிருந்து கொழும்பு வர இரண்டு மணி நேரம் ஆகும்போல. திரும்பிப் போக ஒரே மணி நேரம். "ஏலே, போறப்ப ஏரோப்ளேனு, வாரப்ப மாட்டுவண்டியா?" என்றாள் அக்கா.

இரண்டுமே சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம்தான். மாலத்தீவுக் கடிகாரம் இலங்கையைவிட அரை மணி பின்தங்கியது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைப் போடுகிறார்கள். ஹுல்ஹுலே தீவிலிருக்கும் மாலே விமான நிலையத்துக்கும் கட்டுநாயக்கவுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 775 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கிற விமானம் ஒரு மணிக்குள் போய்விட வேண்டாமா? ஓடுபாதைவரை ஊர்வது, மேலேறுவது, இறங்குவது, காற்றுக்கு எதிர்முகமாகச் சுற்றிவந்து தரைதொடுவது எல்லாம் அதில் சேர்த்தி. முழு வேகம் நடுவில் கொஞ்ச நேரந்தான்.

ஆனால் அக்காவின் மாட்டுவண்டியிலும் துளி உண்மை உண்டு. ஆரியங்காவு கணவாய் வழியே நுழைந்து குற்றாலத்தில் சாரல் தூவுவது மேற்கிலிருந்து வரும் காற்று. அதே ஜூலை நாளில், நம் தலைக்குமேல் பன்னிரண்டு, பதினாலு கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே பாய்ந்துகொண்டிருக்கும். 1950களில் இந்தத் தாரைக்காற்றை ஆராய்ந்து எழுதியவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். விமானங்கள் அதற்குச் சற்றுக் கீழேதான் பறக்கின்றன, அங்கேயும் கீழைக்காற்றுதான். ஆக, மாலே போகிற விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். வருகிற விமானத்தின் முகத்தில் அடிக்கும். சில நிமிட வித்தியாசம்தான், இருந்தாலும் வித்தியாசம்.

கொழும்பில் மாறி அவன் திருவனந்தபுரத்தில் இறங்குகிறான். அங்கிருந்து தென்காசிக்கு நேர்கோட்டில் 70 கிலோமீட்டர்கூட இருக்காது. நடுவே மலை. நெடுமங்காடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று வளைந்து வந்தால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். புளியரை எஸ் வளைவில் ஒரு லாரி முக்கிக்கொண்டு நின்றால் அந்தக் கணக்கும் போச்சு. மலையைக் குடைந்து 1904இல் வந்த ரயில்பாதை இருக்கிறதே என்பார்கள். அது கொல்லத்துக்குப் போகிறது.

வீடு ஐந்தருவி ரோட்டில். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்; மற்ற மாதங்களில் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட்டை மடிப்பதற்குள் வந்துவிடும். சீசன் ஞாயிற்றுக்கிழமை அப்படியா? வேன்களும் கார்களும் வரிசைகட்டி நிற்க, தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு நடப்பவர்கள் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள். செங்கோட்டைப் பக்கமிருந்து வந்தாலும் இதே கதைதான்.

அவன் வருவதோ ஞாயிறு மத்தியானம். புதன்கிழமைக்கு மாற்றச் சொல்லிப் போன் போட்டேன்.

"மாத்துறதுக்குத் தனியா ரூவா கேக்கான் மாமா."

"குடுத்துருல. ஞாயித்துக்கிழம வந்தா டாக்ஸிக்காரனுக்கு வெயிட்டிங் சார்ஜே அவ்ளோ ஆயிரும்."