‘புரியுதா?’ என்று கேட்காத ஆசிரியை

பள்ளியில் நாம் அதிகம் கேட்ட கேள்வி ‘புரியுதா?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்கு நமக்குப் பழகிய பதில் ஒன்றுதான்: தலையாட்டல். புரியவில்லை என்று சொல்ல எழுந்து நிற்க வேண்டும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லிக்கொடுத்தவரின் முகம் சுருங்கும். ஒரு ‘ம்’ போட்டுவிட்டால் இதெல்லாம் இல்லை. வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கைரேகை வைக்கும்போதும் பெண்கள் அந்த ‘ம்’மைத்தான் போடுகிறோம்.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கிப் பல வருடம் பாடம் நடத்திய பிறகு, நாற்பது வயதுக்கு மேல், புதுச்சேரியில் ஒரு மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்கச் சேர்ந்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை அங்கே ‘சொல்தா’ என்பார்கள். அப்படியொரு சொல்தா குடும்பத்தின் மருமகள், பிரான்சிலிருக்கும் கணவரிடம் போகக் காத்திருந்தவள், எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். எங்கள் ஆசிரியை ஒருநாளும் ‘புரியுதா?’ என்று கேட்டதில்லை.

‘எல் ஆ ஃபாயி தொம்பே’ என்று பலகையில் எழுதுவார். ‘தொம்பே’ என்றால் விழுவது. அது எல்லோருக்கும் தெரியும். புரிகிறதா என்று கேட்டிருந்தால் வகுப்பே ஆமாம் போட்டிருக்கும். அவர் கேட்டது: “அவள் இப்போது தரையில் கிடக்கிறாளா?” பாதி வகுப்பு ஆம் என்றது. இல்லை, அவள் விழவில்லை. விழப் பார்த்தாள், அவ்வளவுதான். அடுத்து ‘எல் வியேன் த பார்த்திர்’. இதில் வருவதற்கான சொல்லும் உண்டு, புறப்படுவதற்கான சொல்லும் உண்டு. “இப்போது கதவைத் தட்டினால் அவள் வந்து திறப்பாளா?” மாட்டாள். சற்றுமுன்தான் கிளம்பிப் போனாள்.

அந்தக் கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சொல்லித்தர வேண்டிய வாக்கிய அமைப்பு கேள்விக்குள் வராது. பதில் ஒரு சொல்லில் முடியும். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று தப்பித்துவிட முடியாதபடி ‘இல்லை’யும் கலந்து வரும். முதலில் கேள்வி, பிறகு காத்திருப்பு, கடைசியில்தான் ஒருவரின் பெயர். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன. பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

இந்த முறையை வகுப்பறைக்கு வெளியேயும் யோசித்துப் பார்க்கிறேன். அம்மாவுக்குக் கருப்பையை எடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் படம் வரைந்து விளக்கிவிட்டு, “புரியுதாம்மா?” என்றார். அம்மா ‘ம்’ என்றாள். கையெழுத்தும் போட்டாள். வராந்தாவுக்கு வந்ததும் என் காதருகே, “கட்டியை மட்டுந்தானடி எடுக்கறாங்க?” என்று கேட்டாள். திரும்ப உள்ளே போனோம். ‘ஆபரேஷன் முடிஞ்சா உங்க உடம்புல எது இருக்காது, சொல்லுங்க’ என்று முதலிலேயே கேட்டிருந்தால் போதும். விளக்கியதை நோயாளியின் சொந்த வார்த்தையில் சொல்ல வைக்கும் வழக்கம் மருத்துவத்தில் உண்டு. அதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

பிரெஞ்சு வகுப்பில் பன்மைப் பாடம் வந்தது. ‘அவர்கள்’ என்பதற்கு ஆண்பாலில் ‘இல்’, பெண்பாலில் ‘எல்’. ஆசிரியை கேட்டார்: “‘எல்’ வந்தார்கள். கூட்டத்தில் ஆண் இருக்கிறானா?” இல்லை. “‘இல்’ வந்தார்கள். கூட்டத்தில் பெண் இருக்கிறாளா?” வகுப்பு திணறியது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்தச் சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்திலிருந்தவள் கேட்டாள்: “நூறு பொம்பளைங்களோட ஒரே ஒரு ஆம்பள வந்தா, மேடம்?” “அப்பவும் ‘இல்’தான்.”

ஆண்பால் பெண்பாலை வெல்லும் என்றுதான் பிரெஞ்சுப் பள்ளிகளில் இந்த விதியைச் சொல்லித் தருவார்கள். 2017இல் 314 ஆசிரியர்கள், இனி இதை இப்படிக் கற்பிக்க மாட்டோம் என்று பிரான்சில் கையெழுத்திட்டு அறிவித்தார்கள். நம் பலர்பாலில் இந்தச் சிக்கல் இல்லை. ‘வந்தார்கள்’ என்றால் யாரும் யாரையும் வெல்வதில்லை. ஆனால் மேடையில் என்னைப் ‘பெண் கவிஞர்’ என்றுதான் அழைக்கிறார்கள். ‘ஆண் கவிஞர்’ என்று ஒருவரையும் அழைத்து நான் கேட்டதில்லை.

விதியை விளக்கி ‘புரியுதா?’ என்றிருந்தால் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். ‘கூட்டத்தில் பெண் இருக்கிறாளா?’ என்ற கேள்விதான் அந்த நூறு பேரையும் எங்கள் கண்முன் நிறுத்தியது.

உங்களிடம் யாராவது ‘புரியுதா?’ என்றால் தலையாட்டாதீர்கள். “எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க” என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பிலும், வங்கியிலும், கையெழுத்துக் கேட்கும் எந்த இடத்திலும்.