சாக்குக்குள் ஒரு கமரா

ஜனவரி 4

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. தேயிலை முடியும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சிவந்த சேற்றுக்கரை தெரிகிறது. புதர் இல்லை, பாறை இல்லை. கெசல்கமுவ ஓயா வந்து விழும் பக்கம் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. முக்குளிப்பான் ஒன்று அமிழ்வதும் எழும்புவதுமாக இருந்தது. நான் மேட்டைவிட்டு இறங்கியதுமே எல்லாம் எதிர்க்கரைக்குப் போய்விட்டன. மரத்தோடு மரமாக நின்று படமெடுக்கிற பழக்கம் இங்கே செல்லாது.

பெப்ரவரியில் மன்னாருக்குப் போக நினைத்திருக்கிறேன். வங்காலைச் சரணாலயமும் இதே மாதிரி வெட்டவெளிதான். 2008இல் சரணாலயம் ஆனது, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 4,839 ஹெக்டேர் சதுப்பும் உவர்நிலமும். ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் வட ஆசியாவிலிருந்து வந்து மார்ச் வரை அங்கே கிடக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால் படுத்துத்தான் ஆக வேண்டும்.

ஜனவரி 9

கொழும்பில் இருக்கும் நண்பன் 'லேஅவுட் பிளைண்ட்' படங்களாக அனுப்பித் தள்ளியிருக்கிறான். வட அமெரிக்காவில், அறுவடை முடிந்த வயலில் இறங்கும் வாத்துகளைச் சுடுவதற்காக வந்த சாமான் இது. அலுமினியச் சட்டம், மேலே இரண்டு மடிப்புக் கதவு, ஓராள் நீட்டிப் படுக்க இடம். வாத்து இறங்கும் நேரம் கதவைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து சுடுவார்கள். இதற்கு மூத்தது, தண்ணீர் மட்டம்வரை அமிழ்த்தி வைக்கிற பெட்டி. செசபீக் விரிகுடாவில் அதற்குள் மல்லாந்து கிடந்து வாத்துகளைக் கொன்று குவித்தார்கள். 1935இல் அமெரிக்க மத்திய அரசே அதைத் தடைசெய்தது.

நம் நாட்டில் காட்டு வாத்தைச் சுட 1937ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் திருத்தங்களும் விடா. அதற்கு முன்னால் நடந்தது வேறு கதை. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், மலையில் மரை வேட்டையாடியதைப் பற்றிப் புத்தகமே போட்டார். தோட்டத்துத் துரைமாருக்கும் துவக்கும் நாயும் பொழுதுபோக்கு. அந்த வேட்டைக்காரர்களின் மூளையில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: வெட்டவெளியில் ஆளை எப்படி மறைப்பது?

நிமிர்த்தி வைக்கும் கூடாரம் வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டேன். அந்தக் கரையில் அது பெட்டிக்கடை மாதிரி நிற்கும். ஒரே இடத்தில் நாள்கணக்கில் விட்டுவைத்தால் பறவை பழகும். ஆனால் அப்படி விட்டுவைத்தால் காற்று கொண்டுபோகும், இல்லாவிட்டால் யாராவது கொண்டுபோவார்கள்.

ஜனவரி 13

ஸ்டூடியோவில் கூட்டமில்லை. தரையில் பாயைப் போட்டுப் படுத்துப் பார்த்தேன். வேட்டைக்காரன் மல்லாந்து, கால் பக்கம் பறவை இருக்கும்படி படுக்கிறான். கால்விரலுக்கு மேலாக வானத்தைப் பார்க்கிறான். இறங்கிவரும் வாத்தைப் பிடிக்க அது நல்ல கிடை, கழுத்தும் நோகாது. ஆனால் அப்படிக் கிடந்தால் கமரா வயிற்றின்மேல்தான் நிற்கும், தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில். நீந்தும் வாத்து அந்த உயரத்திலிருந்து கீழே அமுங்கித் தெரியும். குப்புறப் படுத்து லென்ஸைத் தரையோடு வைத்தால்தான் அதன் கண்ணுக்கு நேராக நம் கண் வரும், பின்னால் தண்ணீர் கரைந்து ஓடும்.

ஆகவே ஏழெட்டுக் கிலோ அலுமினியத்துக்கும், மேலே திறக்கும் கதவுக்கும் காசு கொடுப்பது வீண். முன்னால் தாழ்ந்த வாய், பின்னால் ஊர்ந்து வெளியேற ஒரு வழி, முழங்கை ஊன்ற அகலம். இவ்வளவும் போதும். உயரம் கூடினால் நிழல் விழும். காலை வெயில் சாய்ந்து அடிக்கும்போது ஒன்றரை அடி மேட்டின் நிழலே நாலைந்து அடிக்கு நீளும். வாத்து துணியைவிட அந்த நிழலைத்தான் முதலில் பார்க்கிறது.

ஜனவரி 19

பொங்கல் கல்யாண ஆல்பங்கள் முடிந்தன. இன்று துணி.

நண்பன் சிபாரிசு செய்வது இலை, நாணல் அச்சடித்த துணி. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அது பட்டாளத் துணிதான். விற்கிறவனுக்கு இந்த நாட்டின் கதை தெரியாது. மன்னார்ப் பாலத்தடியில், தமிழ்ப் பெயரோடு அடையாள அட்டை வைத்திருக்கும் ஒருவன், அந்தத் துணிக்குள் நீளக் குழாய் ஒன்றை நீட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தால் வாத்து வருமோ வராதோ, ஜீப் வரும். யுத்தம் நடந்த எங்கள் அண்ணன்மார் காலத்தில் ஹட்டனில் ரயில் ஏறவே அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 'பறவைக்கு மறைவு, மனுஷனுக்கு வெளிச்சம்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். இந்த ஊருக்கு மறைப்பு வாங்கும்போது முதல் விதி அதுதான். எந்த விளம்பரத்திலும் அது இருக்காது.

சாக்குத்துணி தீர்மானமாயிற்று. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போன காலத்தில் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு இரண்டு பரணில் கிடந்தது. பளபளப்பில்லை, நனைந்தால் மண் நிறத்துக்கே போய்விடும். அம்மா உடனே வாஷிங் பவுடரில் ஊறப்போடப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். வெள்ளையாக்கும் பவுடரில் இருக்கும் சரக்கு புறஊதா ஒளியில் மின்னும். அந்த மினுக்கம் பறவையின் கண்ணில் படும். "அழுக்குச் சாக்கோட மன்னாருக்குப் போறானாம்" என்று பக்கத்து லயம்வரை கேட்கும்படி சொன்னார்.

ஜனவரி 26

பரிசுத்த மரியாள் ஆலயத்துக்குப் போய்வந்தேன். ஜூலியா மார்கரெட் கெமரன் 1879இல் இதே தேதியில் இறந்தார். கணவரோடு இங்கேதான் அடக்கம். கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் இங்கிலாந்தில் கமராவைத் தொட்டு, உலகம் அறிந்த உருவப்படங்களை எடுத்தவர். 1875இல் இலங்கைக்கு வந்தார். இங்கே எடுத்தவை குறைவு. அவற்றில் நம் ஆட்களும் இருக்கிறார்கள், பெயரில்லாமல். அது எனக்கு உறுத்தும்.

அவருடைய கண்ணாடித் தகட்டுக்கு நிமிடக்கணக்கில் வெளிச்சம் வேண்டும். உட்கார்ந்தவர் அசையக்கூடாது. இப்போது ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி போதும், வாத்து தன்பாட்டில் ஆடலாம். அசையாமல் கிடக்கும் வேலை படமெடுக்கிறவன் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

பெப்ரவரி 2

டெய்லர் அண்ணன் தைத்துக் கொடுத்துவிட்டார். பழைய குடைக் கம்பிகளை வளைத்து மூன்று வில். வெளிப்பக்கம் முழுக்க அங்குலத்துக்கு அங்குலம் நாடா வளையம், அந்தந்த இடத்துப் புல்லைச் செருக. "இதுக்குள்ள நீங்க படுக்கப்போறீங்களா, இல்ல யாரையும் கட்டித் தூக்கப்போறீங்களா?" என்று கேட்டார்.

விடியுமுன் காசல்ரீக்கு. கரைச்சேற்றைக் குழைத்துச் சாக்கின்மேல் பூசினேன். காய்ந்தபின் கையால் தட்டிவிட்டால் மினுக்கம் செத்துவிடும், இது வேட்டைக்காரரின் பாடம். வளையங்களில் மானாப்புல். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறைச் செருகலாமென்று பார்த்தேன். கவ்வாத்து மலையில் அது பொருந்தும், சேற்றில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அடியில் ரப்பர் விரிப்பு, அது இல்லாவிட்டால் நெஞ்சுக்கூடு குளிரில் விறைத்துப்போகும். முகத்துக்குக் கறுப்பு வலை. வாத்துக்குக் கண் தலையின் இரு பக்கமும். ஏறக்குறையச் சுற்றிவரப் பார்க்கும். நிமிர்ந்த முகம் வெளிறிய தட்டாகத் தெரிந்துவிடும்.

எட்டு மணிக்கு முக்குளிப்பான் வந்தது. முதலில் தண்ணீரில் வளையம், பிறகு தலை. முதுகுச் சிறகில் தண்ணீர் மணிமணியாக நின்று உருண்டது. வாயோரத்து மஞ்சள் பொட்டு லென்ஸில் நிறைந்தது. அதே நேரம் அட்டை ஒன்று லென்ஸின் குழலில் ஏறி, அந்த விளிம்பிலிருந்து இந்த விளிம்புக்கு அளந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பெப்ரவரி 15, மன்னார்

வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேட்டு, பொலிசிலும் ஒரு சொல் சொல்லிவைத்தாயிற்று. மோட்டார் சைக்கிளை வீதியோரத்தில் நிறுத்தி, அதில் செம்மஞ்சள் துணியைக் கட்டி, 'பறவைப் படப்பிடிப்பு' என்று மூன்று மொழியிலும் அட்டை தொங்கவிட்டேன். மறைப்பின் பின்பக்கத்திலும் அதே நிறத்தில் ஒரு துண்டு. வாத்து முன்பக்கம்தானே.

வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். இந்த மாதத்தில் இங்கே காற்று வடகிழக்கு. முதுகை அந்தப் பக்கம் கொடுத்துக் கிடந்தால் பறவை நம் முகத்துக்கு நேரே வரும். காலை வெயிலும் ஏறக்குறைய முதுகுப் பக்கம். வேறு கோணத்தில் கிடந்தால் எந்த நல்ல மறைப்பும் வாலையும் நிழலையும்தான் எடுத்துத் தரும். சரணாலயத்துக்குள் செடியை வெட்டவோ குழி தோண்டவோ கூடாது. வளையங்களில் கரையொதுங்கிக் காய்ந்த சாதாளையைச் செருகினேன். மானாப்புல் இங்கே அந்நியம். கொண்டுவந்த கட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

வலையோடு வந்த ஒரு ஐயா நின்றார். "தம்பி, என்ன செய்யிறியள்?"

"வாத்துப் படம் எடுக்கிறன் ஐயா."

"தாராவோ? நான் போனாப் பறக்காது, நீங்கள் வந்தாத்தான் பறக்கும்."

சொல்லிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தார். பத்துப் பன்னிரண்டு ஊசிவால்கள் கொஞ்சம் விலகி வழிவிட்டன, அவ்வளவுதான். தினமும் பார்க்கிற நடை. அவர் போன வழியிலேயே அவை திரும்பி நீந்தி என் பக்கம் வந்தன. ஆண் ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து ஊசிவாலை நட்டுக்கொண்டு, கால்களால் தண்ணீரை உதைத்து மேய்ந்தது. நிமிரும்போது அலகிலிருந்து சேற்று நூல் தொங்கியது. என் முன்னங்கையில் உணர்வே இல்லை. விரல் மட்டும் வேலை செய்தது.

படம் கிடைத்த பிறகு எழுந்துவிடக் கூடாது. அவை தூரமாக மேயப்போகும்வரை கிடந்து, பின்வழியாக ஊர்ந்தேன். சைபீரியக் குளிரைத் தாண்டி வந்தவை, ஏப்ரலுக்குள் திரும்பிப் பறக்கக் கொழுப்புச் சேர்க்க வேண்டும். நமக்காக ஒரு தடவை கிளம்பினாலும் அந்தக் கணக்கில் பற்றுத்தான்.

பெப்ரவரி 18

டெய்லர் அண்ணனிடம் மறுபடி. முழங்கைப் பக்கம் இரண்டங்குலம் அகலம், பின்வாய்க்கு சிப் வேண்டாம், சத்தம் போடுகிறது, நாடாவே போதும். ஹட்டன் நண்பர் ஒருவர் தனக்கும் ஒன்று கேட்கிறார். அவருக்குக் கழுத்து வலி, பறக்கிறதைத்தான் எடுப்பாராம். அவருக்கு மல்லாந்து கிடக்கிற மாதிரிதான் சரி, தலைப்பக்கம் சாய்வு வைத்து. சாக்குக்கு அம்மாவிடம் கேட்க வேண்டும்.