உக்குவளையில் ஒரு மீன் சோறு

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் கொழும்பில் பெரிய காசு கொடுத்துச் சாப்பிட்ட பல மீன்களைவிடப் புதிய மீனை நான் அங்குள்ள உக்குவளையில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் சாப்பிட்டேன். அது குளத்து மீன். ஊரார் சொல்லும் 'ஜப்பான் மீன்', அதாவது திலாப்பியா.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது 1952இல். இன்று வறண்ட வலயத்துக் கிராமங்களில் ஏழை வீட்டுச் சட்டியை நிரப்புவது பெரும்பாலும் இதுதான். 1990இல் நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை அரசு நிறுத்திக்கொண்டது. 1994இல் அது திரும்பக் கிடைக்கும்வரை குளத்து மீனவர்கள் கேட்பாரற்றுக் கிடந்தார்கள். 1998இல் சட்டம் இயற்றி, இன்று 'நக்டா' என்று அழைக்கப்படும் நீருயிர் வளர்ப்பு அதிகார சபையை உருவாக்கினார்கள்.

உக்குவளைக்கு இந்த மீனைக் கொண்டு வருபவர் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர். பின்னால் ரெஜிபோம் பெட்டி, அதற்குள் உடைத்த ஐஸ், ஐஸுக்குள் மீன். கலாவெவக் குளத்தில் மாலையில் இருவர் சிறு தோணியில் துடுப்புப் போட்டுப் போய் வலை விரிக்கிறார்கள். விடியுமுன் வலையைத் தூக்கிக் கரைக்கு வருகிறார்கள். இவர் அங்கேயே காத்திருந்து வாங்கி, வெயில் ஏறுவதற்குள் இங்கே வந்துவிடுகிறார். கடல் மீனின் கதை வேறு. ஆழ்கடலுக்குப் போகும் பெரிய படகுகள் வாரக்கணக்கில் கடலில் நின்றுவிட்டுத்தான் துறைக்குத் திரும்பும். அதன்பிறகே அந்த மீன் லொறியேறி மலைக்கு வருகிறது.

அந்தக் குளத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு என்னை நெகிழ வைத்தது. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே வந்து, 1976இல் இயங்கத் தொடங்கிய உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, சுது கங்கையில் விழுகிறது. அங்கிருந்து போவத்தென்னை நீர்த்தேக்கத்துக்கும், அதில் ஒரு பங்கு கலாவெவவுக்கும் போகிறது. உக்குவளை அனுப்பும் நீரில் வளர்ந்த மீன் உக்குவளைக்கே உணவாகத் திரும்புகிறது.

கடையின் பின்புறம் மரக்குற்றியின் முன்னால் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் 'நானா' என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். முதலில் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். சிவப்பு மங்கியிருந்தால் மீன் தனியாகப் போய்விடும். அடுத்து முதுகு முள்ளைக் கத்தியின் முதுகால் படுக்கவைத்து, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிளைச் சுரண்டுகிறார். அவருடைய விரல்களெங்கும் முள் குத்திய பழைய தழும்புகள். வயிற்றைக் கீறியதும் உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை நகத்தால் முழுவதும் உரித்தெடுக்கிறார். முதுகெலும்போரம் உறைந்த இரத்தத்தையும் விடுவதில்லை. இந்த இரண்டிலும்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். பிறகு மீன் நாறுகிறது என்று முகம் சுளிக்கிறார்கள்.

"மீன்ல நல்ல மீன், கூடாத மீன்டு இல்ல தம்பி. நேரந்தான் ஈக்கி" என்றார்.

மண்வாடைக்கு வேறொரு காரணமும் உண்டு. குளத்து நீரிலுள்ள நீலப்பசும் பாசி போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் சதையில் ஏறிவிடுகிறது. புளிப்பு பட்டால் அது சிதையும். சமையல்கார அக்கா இதைப் படித்ததில்லை. ஆனாலும் உப்பும் தேசிக்காயும் போட்டுப் பிசைந்து ஊறவைத்துக் கழுவிய பிறகே மீனை அடுப்புக்குக் கொண்டு போகிறார். குழம்புக்குக் கொறுக்காய், மாத்தளை மிளகு, கறிவேப்பிலை, தேங்காய்ப்பால் கடைசியில். பொரிக்கும் துண்டுகளுக்கு மஞ்சளும் மிளகாய்த்தூளும் மட்டும். கட்லா, ரோகு மீன்களில் இருப்பதுபோல சதைக்குள் நுண்முள் இல்லாததால் பக்கத்து மேசைச் சிறுவன் தானே பிய்த்துச் சாப்பிட்டான். மண்வாடை துளியும் இல்லை.

தோக்கியோவின் பழைய சுக்கிஜி மீன் சந்தையோரச் சிறு கடைகளைத் தேடி உலகமே போகிறது. அங்கும் பெருமை, விற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சமைப்பதிலும் வெட்டும் கையின் பழக்கத்திலும்தான் இருக்கிறது. இந்த நானாவின் கைக்கு அதே மரியாதை சேர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிடைப்பதோ கிலோவுக்கு இவ்வளவு என்ற சிறு கூலி. மழை நாளில் மோட்டார் சைக்கிள் வராவிட்டால் அதுவும் இல்லை.

குளத்து மீன் என்றாலே வேண்டாம் என்பவர்கள் நம்மிடையே அதிகம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாத்தளைப் பக்கம் போனால் மதியத்துக்கு முன் போங்கள். எந்தக் குளத்து மீன் என்று கேளுங்கள், செவுளைத் தூக்கிப் பாருங்கள். வெட்டிக் கொடுப்பவரின் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.